வடக்குந் தெற்கும்: ஊர்ப்பெயரும் ஆள் மதிப்பும்

இலங்கைத் தீவின் வட எல்லையிலுள்ள பருத்தித்துறையிலிருந்து தென்முனையாகிய தெய்வேந்திரமுனை வரை நேர்கோட்டில் அளந்தால் தூரம் ஏறத்தாழ 430 கிலோமீற்றராகும். ஒரு பகற்பொழுதில் வண்டியிற் கடக்கத்தக்க தூரமே அது. எனினும், வடக்கிலிருந்து தெற்கிற்கோ தெற்கிலிருந்து வடக்கிற்கோ குடிபெயர்ந்த ஒருவர், சென்ற இடத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த பின்னரும், "அவர் இவ்விடத்தார் அல்லர்" என்னுஞ் சொல்லைக் கேட்க நேர்கின்றது. வண்டி ஒரு நாளிற் கடக்குந் தூரத்தை மனம் கடப்பதற்கு ஒரு தலைமுறையும் போதாமற் போவது ஏன்? இவ்வினாவையே நேயர்களுடன் சேர்ந்து இன்று ஆராய விரும்புகின்றேன்.

முதலில், இரு பகுதியாரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிவருவன எவை என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்தார் கைப்பொருளை இறுகப் பிடிப்பவர், சிரிக்க அறியாதவர், புத்தகமுங் கணக்கேடுமே கதியென்றிருப்பவர் என்பது தெற்கில் வழங்கும் பேச்சு. பிற பகுதித் தமிழர் சிலரும் அவர்களைப் "பனங்கொட்டை சூப்பிகள்" என நகையாடுவதுண்டு. தென்பகுதியார் நாளையை எண்ணாது இன்றே செலவழிப்பவர், கொண்டாட்டப் பிரியர், சோம்பர் என்பது வடக்கில் வழங்கும் பேச்சு. இவற்றினுங் கொடிய சொற்களும் உள. வடக்கிற் சிலர் சிங்களவரை "மோடர்" என்பர். தெற்கிற் சிலர் அந்நியர் எனும் பொருள்படும் அடைமொழியொன்றைச் சேர்த்துத் தமிழரைச் சுட்டுவர். இச்சொற்களைச் சொல்வோரிற் பலர், தாம் பழிக்கும் பகுதியில் ஒரு கிழமைதானும் தங்கியிராதவர் என்பது கவனித்தற்குரியது.

அவ்வாறாயின் இவ்வெண்ணங்கள் எங்கிருந்து பிறந்தன? வெறும் பொய்யிலிருந்து பிறந்தன என்று சொல்லிவிட்டால் ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிடும். உண்மையில், அவை அரைகுறையாகக் கண்ட ஒன்றிலிருந்து பிறந்தன. அதனை விளங்கிக்கொள்வதற்கு நிலத்திலிருந்து தொடங்குதல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின் மேற் பரந்த அந்நிலத்திற்கு மழை பெரும்பாலும் ஒற்றோபர் முதல் திசெம்பர் வரையிலேயே கிடைக்கின்றது. எஞ்சிய காலத்திற் கிணற்று நீரே கதி. துலா மிதித்து, பட்டையால் நீரிறைத்து, வாய்க்காலில் ஒரு சொட்டும் வீணாகாது பாய்ச்சிப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்த குடியானவனுக்குச் சிக்கனம் என்பது குணமாக அமையுமுன்னரே தொழில்நுட்பமாக அமைந்துவிட்டது. தென்மேற்கிலோ இரு பருவக்காற்றுக்களும் மழை தருகின்றன; பலாவும் ஈரப்பலாவும் தென்னையும் வீட்டைச் சூழ நிற்கின்றன. அங்கே நாளைய உணவைப் பற்றிய அச்சம் அவ்வளவு கூர்மையாக வளரவில்லை. இதனைச் சோம்பல் என்பதும், அதனைக் கஞ்சத்தனம் என்பதும், நிலத்தின் கணக்கை மனிதர் மேல் எழுதுவதாகும். தெற்கெல்லாம் ஒரே தெற்கென்பதும் பொருந்தாது. மழை குறைந்த அம்பாந்தோட்டையில் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் கமக்காரனின் கவலையை, காலியிலுள்ள கடைக்காரனிலும் பார்க்க வன்னிக் கமக்காரனே நன்குணர்வான்.

நிலத்திற்கு அடுத்தபடியாக நோக்கவேண்டியது தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனும் ஏனைய சபைகளும் குடாநாட்டில் ஆங்கிலக் கல்வியைப் பரப்பின. 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கப்பெற்ற செமினரி அவற்றுட் புகழ்பெற்றது. சைவரும் தமக்கெனப் பாடசாலைகளை நிறுவினர். படித்த இளைஞர் பெருகினர். அவர்களுக்கேற்ற உத்தியோகமோ ஊரில் இருக்கவில்லை. மலையகத்திற் போன்று தோட்டங்களோ, கொழும்பிற் போன்று துறைமுகமோ அங்கில்லை. ஆகவே அவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் சென்றனர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியபின் தெற்கு நோக்கிய பயணம் எளிதாயிற்று. கந்தோர் உத்தியோகத்தர் ஒருபுறமாக, சுருட்டுக்கடை வைத்த வியாபாரிகள் மறுபுறமாக, தென்னிலங்கைப் பட்டினங்கள் பலவற்றில் யாழ்ப்பாணத்தார் குடியேறினர்.

அவர்களைத் தெற்கிலுள்ளோர் எவ்வாறு கண்டனர்? கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கெடுத்த வீட்டில், "சமறி" எனப்பட்ட கூட்டுக் குடித்தனத்தில், எளிய சோறுண்டு, மாத முடிவில் காசுக்கட்டளை எடுத்து ஊருக்கனுப்பும் மனிதனாகக் கண்டனர். அந்தக் காசுக்கட்டளை எங்கே போயிற்று என்பதைக் கண்டிலர். அது தங்கையின் சீதனமாகவும் தம்பியின் பாடசாலைக் கட்டணமாகவும் தகப்பனின் கடன் தீர்வையாகவும் போயிற்று. கண்டது பாதி, சொன்னதோ முழுமை போலாயிற்று. அக்கந்தோரில் உத்தியோகம் நாடிநின்ற சிங்கள இளைஞனின் கண்ணுக்கு, அதே மனிதன் தன் கதிரையைப் பிடித்துக்கொண்டவனாகவுந் தோன்றினான். அவ்விளைஞனின் ஏக்கம் போலியானதன்று. அவனுடைய கிராமத்திலும் நல்ல ஆங்கிலப் பாடசாலை இருக்கவில்லை. ஆயினும் பாடசாலை இல்லாத குறைக்குரிய கோபம், பாடசாலையிற் படித்து வந்தவன் மேற் சென்றது.

இனி மறுபுறத்தைப் பார்ப்போம். தெற்கிலிருந்து யாழ்ப்பாணஞ் சென்று நெடுங்காலம் வாழ்ந்தோருட் குறிப்பிடத்தக்கவர் பாண் போறணை நடத்திய சிங்களவர். அதிகாலையில் யாழ்ப்பாணத்தார் உண்ட பாணைச் சுட்டவர் அவர்களே. மீன்பிடிப் பருவத்தில் மேற்குக்கரையிலிருந்து வடகிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்த மீனவருமிருந்தனர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கத்துக் கடல் அமைதியாயிருக்கும். அதுவே அப்பயணத்திற்குக் காரணம். ஆகவே வடக்கிலுள்ள ஒரு பிள்ளைக்குச் "சிங்களவர்" என்றாற் பாண்காரர் அல்லது மீனவர். காலியிற் பஞ்சாங்கங் கணிப்பவரும், மாத்தறையிற் பௌத்த நூல்களைப் பாடஞ்சொல்லும் பிக்குவும், கறுவாத்தோட்டத்தில் பட்டையுரிப்பவரும் அப்பிள்ளையின் கண்ணிற் படுவதில்லை.

இவற்றிலிருந்து ஒரு விதியை நாம் பெறலாம். ஒரு பகுதியை நாம் அறிவது, அங்கிருந்து நம்மிடம் வந்தவர் வாயிலாகவே. வந்தவரோ அப்பகுதி மக்கள் அனைவரிலுமிருந்து எடுத்த மாதிரியல்லர். ஒரு குறித்த தொழிலின் பொருட்டு, ஒரு குறித்த தேவையினால் உந்தப்பட்டு வந்தவர். அவருடைய தொழிலின் சாயலை அவருடைய ஊரின் இயல்பென்றும், ஊரின் இயல்பை அவருடைய இரத்தத்தின் குணமென்றும் மாற்றிவிடுகின்றோம். பகுதிகளைப் பற்றிய தப்பெண்ணத்தின் பொறிமுறை பெரும்பாலும் இவ்வளவே.

இன்றும் இது தொழிற்படுவதை வகுப்பறையிற் கண்டிருக்கின்றேன். வடக்கிலுள்ள பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்தில், "தெற்கிலுள்ள ஒருவரைப் பற்றி எழுதுக" என்று மாணவருக்குச் சொன்னபோது, அரைவாசிப் பேருக்கு மேல் ஒரு படைவீரரைப் பற்றி எழுதினர். பின்னர் கொழும்பில் இதே பயிற்சியை வடக்கைப் பற்றிக் கொடுத்தபோது, போரைப் பற்றியும் உடைந்த வீடுகளைப் பற்றியுமே பலர் எழுதினர். இருசாராரும் பொய் எழுதவில்லை. தமக்குக் காட்டப்பட்டதை எழுதினர். சந்தியிற் காவல் நின்ற அப்படைவீரன் தன் தாய்க்குப் பணம் அனுப்பும் ஒரு கமக்காரன் மகனாயிருக்கலாம் என்பதும், உடைந்த அவ்வீட்டிலுள்ள சிறுமி கணிதத்திற் கெட்டிக்காரியாயிருக்கலாம் என்பதும் அவர்களுக்கு எட்டவில்லை.

நகைப்பாகத் தொடங்கும் இப்பேச்சுக்கள் எப்பொழுதும் நகைப்பாகவே முடிவதில்லை. யாழ்தேவிப் புகையிரதம் 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஓடத்தொடங்கியது. அதே ஆண்டிலேயே சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிய சட்டமும் நிறைவேறியது. தூரத்தைக் குறைத்த கருவியும் தூரத்தைக் கூட்டிய சட்டமும் ஒரே ஆண்டில் வந்தன. 1958இல் வன்செயல் மூண்டபோது, கொழும்பில் வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். 1977இலும் 1983 யூலையிலும் அது மீண்டும் நிகழ்ந்தது. 1983இலும் கப்பல்களே அவர்களை ஏற்றிச்சென்றன. யாழ்ப்பாணத்துப் பாண் போறணைகளை நடத்திய தென்பகுதியாரும் அவ்வாண்டுகளில் அங்கிருந்து அகன்றனர். முப்பது ஆண்டு அருகிருந்து பாண் விற்றவர் ஓர் இரவில் "அவர்களில் ஒருவர்" ஆகிவிட்டார். முப்பது ஆண்டு அயலில் வாழ்ந்த எழுதுவினைஞரும் அவ்வாறே ஆகிவிட்டார். ஆளின் பெயரை மறந்து ஊரின் பெயரை மாத்திரம் நினைவில் வைத்திருந்தமையால் விளைந்த பயன் இதுவாகும்.

இக்குறை ஓரினத்திற்கே உரியது என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1990 ஒற்றோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேறுமாறு கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் தம் வீடுகளை விட்டகன்றனர். அவர்களிற் பெரும்பாலோர் தெற்கே புத்தளத்தை அடைந்தனர். அவர்கள் பேசிய மொழி தமிழே. பிறந்த மண் வடமண்ணே. புத்தளத்திலும் அவர்கள் நெடுங்காலம் "அகதி" என்ற பெயரால் அறியப்பட்டனர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் அப்பெயர் தொடர்ந்தது. 2009இற்குப் பின் ஊர் திரும்பியவர்களிற் சிலரை வடக்கிலுள்ளோர் "புத்தளத்தார்" என்றனர். இரண்டு ஊர்கள் இருந்தும் இரண்டிலும் அயலாராயிருத்தல் எத்துணைத் துன்பம் என்பதை எண்ணிப்பாருங்கள்.

மலையகத் தமிழரின் கதையும் இதற்கு நிகரானது. 1977இன் வன்செயலுக்குப் பின் தோட்டங்களை விட்டு வடக்கு நோக்கிச் சென்ற பல குடும்பங்கள் வவுனியாவிலுங் கிளிநொச்சியிலுங் குடியேறின. ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே சமயம். எனினும் "தோட்டக்காட்டான்" என்ற இழிசொல்லும் "வடக்கத்தியான்" என்ற சொல்லும் அவர்களை எதிர்கொண்டன. இதில் ஒரு விந்தை உண்டு. தெற்கிலிருந்து பார்ப்போருக்கு யாழ்ப்பாணத்தார் வடக்கார். யாழ்ப்பாணத்தாரோ தமக்கும் வடக்கே இந்தியாவைக் கண்டு, அங்கிருந்து வந்தவரின் வழித்தோன்றல்களை வடக்கத்தியார் என ஒதுக்கினர். மட்டக்களப்புக்குப் போனாற் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்ற பழங்கதையும் இத்தகையதே. உத்தியோகத்திற்காகச் சென்ற இளைஞன் அங்கே மணஞ்செய்து இன்பமாய்த் தங்கிவிட்டமைக்கு, அவ்வூராரின் விருந்தோம்பலைக் காரணமாகச் சொல்ல மனமில்லாதோர் மந்திரத்தைக் காரணமாகச் சொன்னார்கள். ஆகவே மொழி ஒன்றாயின் மனமும் ஒன்றாகிவிடும் என்று நாம் ஆறுதலடைய இடமில்லை.

இனி, ஏற்றுக்கொள்ளுதல் என்றால் என்ன? ஒருவரை நாட்டின் எப்பகுதியிலும் வாழவிடுதல் சட்டத்தின் கடமை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கை முழுவதிலும் நடமாடுவதற்கும் தாம் விரும்பிய இடத்தில் வதிவதற்கும் பிரசைகளுக்குள்ள சுதந்திரத்தை உறுதிசெய்கின்றது. அவ்வுறுதி ஏட்டில் மாத்திரம் நிற்பதன்று என்பது 2007 யூனிற் தெரிந்தது. கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் சில நூற்றுவரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பியபோது, மறுநாளே உயர் நீதிமன்றம் அத்தகைய வெளியேற்றத்தைத் தடுத்தது. எனினும் நீதிமன்றம் விடுதியின் கதவைத் திறந்துவைக்கலாம்; விடுதிக்காரரின் முகத்தை மலர்த்த அதனால் இயலாது. அம்மலர்ச்சியே ஏற்றுக்கொள்ளுதல்.

அதனை அளப்பதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு. வந்தவர் ஒரு தவறு செய்தால், அது அவருடைய தவறாகக் கணக்கிடப்படுகின்றதா, அவருடைய ஊரின் தவறாகக் கணக்கிடப்படுகின்றதா? நம்மூரார் ஒருவர் வாடகையைக் கொடாது ஓடிவிட்டால் "அவன் கெட்டவன்" என்கின்றோம். பிறவூரார் ஒருவர் அவ்வாறு செய்தால் "அவ்வூராரே இப்படித்தான்" என்கின்றோம். முன்னதைச் சொல்லும் அதே வாயாற் பின்னதற்கும் "அவன் கெட்டவன்" என்று மாத்திரம் சொல்லப் பழகிய நாளிலே, வந்தவர் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டார். நன்மைக்கும் இது பொருந்தும். "யாழ்ப்பாணத்தவராயிருந்தும் தாராளமானவர்", "சிங்களவராயிருந்தும் தமிழ் நன்றாய்ப் பேசுகிறார்" என்பன புகழுரை போலத் தோன்றினும், அவற்றிலுள்ள "இருந்தும்" என்னுஞ் சொல்லிற் பழைய பழி அப்படியே உறைகின்றது.

வருபவருக்குங் கடமையுண்டு. அவற்றுள் முதன்மையானது மொழி. 1987இலும் 1988இலும் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்கள் தமிழுக்கு அரசகரும மொழி என்ற நிலையை அளித்து, அதன் பயன்பாட்டை வகுத்தன. 2007 யூலை முதல் அரசாங்க சேவையிற் புதிதாகச் சேர்வோர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டுமென்ற விதியும் வந்தது. ஆயினும் பரீட்சைக்காகக் கற்கும் மொழி பரீட்சையோடு நின்றுவிடும். அயலாரோடு பேசுவதற்காகக் கற்கும் மொழியே நிலைக்கும். அதனைக் கற்பது நாம் அஞ்சுமளவு கடினமுமன்று. கடையைச் சிங்களத்திற் "கடே" என்பர். செருப்பைச் "செரெப்பு" என்பர். அம்மாவும் அக்காவும் இரு மொழியிலும் அம்மாவும் அக்காவுமே. போர்த்துக்கேயர் தந்த பாணும் மேசையும் அலுமாரியும் இரு மொழி வீடுகளிலும் உள்ளன. இடறும் சொற்களும் சில உண்டு. சிங்களவர் "தாத்தா" என்பது தகப்பனை. "ஐயா" என்பது தமையனை. "மல்லி" என்பது தம்பியை. சந்தையில் ஒரு சிங்களக் கடைக்காரர் நம் மகனை "மல்லி" என்று விளித்தால், அவர் கொத்தமல்லி விற்க முயல்கின்றார் என்று நாம் கருதவேண்டியதில்லை. அவர் அவனைத் தம்பியென்றே அழைக்கின்றார்.

வரவேற்பவரின் கடமை, கேள்வி கேட்கும் முறையிலே தொடங்குகின்றது. "எந்த ஊர்?" என்று கேட்பது நம்மவரின் பழக்கம். அதனைத் தொடர்ந்து "ஊரில் எவ்விடம்?" என்றும், "ஆருடைய பகுதி?" என்றுங் கேட்டு, வந்தவரின் குலத்தை எட்டும்வரை விடாத வழக்கமும் நம்மிடை உண்டு. ஊரைக் கேட்பதிற் குற்றமில்லை. ஊரைக் கேட்டறிந்தவுடனே ஆளையும் அறிந்துகொண்டோமென்று நிறுத்திவிடுவதே குற்றம். "என்ன தொழில்? பிள்ளைகள் எங்கே படிக்கின்றார்கள்? இங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கின்றதா?" என்று மேலும் நாலு கேள்வி கேட்போமாயின், ஊர்ப்பெயர் பின்னே சென்று மனிதர் முன்னே வருவார்.

ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இதிற் சிறப்பான பொறுப்புண்டு. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒற்றோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. இடையிற் கழிந்த இருபத்துநான்கு ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, மறு பகுதியைக் கண்ணாற் காணாமலே அதைப் பற்றிய கதைகளைக் கேட்டு முதிர்ந்தது. இன்று அத்தலைமுறையினரே தாய்தந்தையராயிருக்கின்றனர். பாடசாலைச் சுற்றுலாவில் வடக்குப் பிள்ளைகள் காலிக் கோட்டையையும், தெற்குப் பிள்ளைகள் யாழ்ப்பாணக் கோட்டையையும் பார்த்துத் திரும்புகின்றனர். கோட்டைகளைப் பார்த்தது நன்று. ஆயினும் கல்லைப் பார்த்தவர் மக்களைப் பார்த்தவராகார். அச்சுற்றுலாவில் ஒரு பிற்பகலை அவ்வூர்ப் பாடசாலையொன்றிற் கழிக்கச் செய்து, ஒரே பந்தை இரு பகுதிப் பிள்ளைகளும் உதைக்கவும், ஒரே இலையில் இட்ட சோற்றைப் பகிர்ந்துண்ணவும் வழிசெய்யலாம். ஒருவரின் பெயரை மற்றவர் எழுதிக்கொண்டு திரும்பினால், அடுத்தமுறை "தெற்கிலுள்ள ஒருவரைப் பற்றி எழுதுக" என்னும்போது அந்தப் பிள்ளைக்கு எழுதுவதற்கு ஒரு பெயர் இருக்கும். பெயர் தெரிந்த ஒருவனைப் பற்றிப் பொதுப்பழி சொல்வது கடினம்.